அயோடின் டம்ளரும் இயற்கை ஊக்கியும்: நிலக்கடலை போட்டிருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பல்லடத்துக்குத் தெற்கே எங்களுக்குக் கிணற்றுப் பாசனத்தில் இரண்டரை ஏக்கர் தோட்டம் இருக்கிறது. சென்ற மார்கழிப் பட்டத்தில் அதில் நிலக்கடலை விதைத்திருந்தோம். முழுக்க இயற்கையான பயிர் வளர்ச்சி ஊக்கி என்று சொல்லி எனக்கு விற்கப்பட்ட ஒரு திரவத்தாலும், அதைவிட அதிகமாக, அதை நம்பிக் காத்திருந்த 25 நாள்களாலும் நேர்ந்த இழப்பை இங்கே எழுதுகிறேன். விற்றவரின் பெயரையும் தயாரித்ததாகச் சொல்லப்படும் நிறுவனத்தின் பெயரையும் எழுதப்போவதில்லை. புகார் இப்போது அலுவலகத்தில் இருக்கிறது. மேலும், பெயரை மாற்ற ஒரு புதிய லேபிள் போதும். அவர்கள் விற்கும் முறையைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

விதைத்த 25ஆம் நாள் வாக்கில், பூ எடுக்கத் தொடங்கும் சமயத்தில், செடிகளின் நுனியில் வந்த புதிய இலைகள் வெளிறின. அடியிலிருந்த பழைய இலைகள் நல்ல பச்சையாக இருந்தன. வெளிறிய இலையை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் நரம்புகள் மட்டும் கோடு கோடாகப் பச்சையாகவும், இடைப்பட்ட பகுதி எலுமிச்சை மஞ்சளாகவும் தெரிந்தது. சில இடங்களில் நுனி இலைகள் வெள்ளைத் தாள் போலவே ஆகிவிட்டன. இந்த விவரங்களை எல்லாம் பிற்பாடுதான் இவ்வளவு ஒழுங்காகச் சொல்லத் தெரிந்தது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் பயிர் மஞ்சளாகிவிட்டது என்பது மட்டுமே. கடையில் போய்ச் சொன்னதும் அந்த ஒரு வாக்கியத்தைத்தான்.

கடையில் நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவரும் உட்கார்ந்திருந்தார். "ஏனுங்கண்ணா, மஞ்சளடிக்குதுங்களா? மண்ணு செத்துப் போச்சுங்கண்ணா, அதுக்கு முதல்ல உசுரு குடுக்கணும்" என்று தொடங்கியவர், என்னிடம் இலையையோ மண்ணையோ கேட்கவில்லை. ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து, காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தைப் பத்துச் சொட்டு விட்டார். தண்ணீர் தேன் நிறமாயிற்று. "இதுதானுங்க உங்க மண்ணுல இருக்கற ரசாயன விஷம்" என்றார். பிறகு தம் பாட்டிலிலிருந்து ஒரு மூடியளவு ஊற்றிக் கலக்கினார். இரண்டு விநாடியில் தண்ணீர் பளிங்குபோலத் தெளிந்துவிட்டது. கடையில் நின்றிருந்த நான்கைந்து பேரும் வாயடைத்துப் போனோம். லிட்டர் 1,350 ரூபாய் என்றதும் யாரும் பேரம் பேசவில்லை.

அந்த வித்தையின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதம் கழித்து, பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளிடம் இதைச் சொன்னபோது, அவள் ஒன்றும் பேசாமல் அதேபோல ஒரு டம்ளரில் அயோடின் மருந்தை விட்டு, அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். நிறம் போய்விட்டது. எலுமிச்சையில் உள்ள வைட்டமின் சி, நிறமுள்ள அயோடினை நிறமில்லாத அயோடைடாக மாற்றிவிடுகிறது. வைட்டமின் சி கலந்த எந்தத் திரவமும் இந்த வேலையைச் செய்யும். புகைப்படக் கடைகளில் ஒரு காலத்தில் பயன்படுத்திய ஹைப்போ உப்பும் செய்யும். இதற்கும் மண்ணில் உள்ள எதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

பாட்டிலின் லேபிளில் கடற்பாசிச் சாறு, அமினோ அமிலம், ஹியூமிக் அமிலம், இயற்கையாகப் பிணைக்கப்பட்ட இரும்பு, துத்தநாகம், போரான் எனப் பதினாறு சத்துகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. எது எத்தனை விழுக்காடு என்பது ஓரிடத்திலும் இல்லை. லிட்டர் தண்ணீருக்கு 2 மில்லி கலந்து, ஏக்கருக்கு 200 லிட்டர் தெளிக்கச் சொன்னார்கள். 27, 36, 45ஆம் நாள்களில் மூன்று முறை தெளித்தேன். வேருக்கு என்று 25 கிலோ கறுப்புக் குருணையும் 2,750 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். திரவம், குருணை, தெளிப்புக் கூலி எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 9,500 ரூபாய் ஆயிற்று.

முதல் தெளிப்புக்குப் பிறகு செடி சற்று நெட்டையாக எழும்பியதுபோலத் தெரிந்தது. நிறம் மட்டும் திரும்பவில்லை. தொலைபேசியில் கேட்டபோது, "விஷம் இறங்கறப்ப அப்படித்தானுங்க இருக்கும், ரெண்டாவது ரவுண்டுல பாருங்க" என்றார். இரண்டாவது தெளிப்புக்குப் பிறகு, கிழக்கு வரப்பை ஒட்டி மாட்டுத் தீவனத்துக்காக நான் போட்டிருந்த மக்காச்சோள வரிசைக்கு அடுத்த இரண்டு மூன்று சால் கடலை மட்டும் நல்ல பச்சையாக நின்றதைப் படம் எடுத்து அனுப்பினேன். அங்கே மருந்து நன்றாகப் படிந்திருக்கிறது, மற்ற இடத்தில் உங்கள் ஆள் சரியாக அடிக்கவில்லை என்று பதில் வந்தது. அதையும் நம்பித் தெளித்த ஆளைக் கடிந்துகொண்டேன் என்பதை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

52ஆம் நாள் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு ஒரு செடியை வேரோடும் ஒரு பை மண்ணையும் எடுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்த விஞ்ஞானி அம்மா இலையைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, மஞ்சள் நுனியில் தொடங்கியதா, அடியில் தொடங்கியதா என்பதே. தழைச்சத்தும் மெக்னீசியமும் குறைந்தால் செடி பழைய இலைகளிலிருந்து அவற்றை எடுத்துப் புதிய இலைகளுக்கு அனுப்பிவிடும். ஆகவே அடி இலை முதலில் மஞ்சளாகும். இரும்பை அப்படி எளிதில் இடம் மாற்ற முடியாது என்பதால் புதிய இலைதான் முதலில் வெளிறும். பிறகு என் மண்ணில் நீர்த்த அமிலத்தை ஒரு சொட்டு விட்டார். சோடாவைத் திறந்ததுபோலப் பொங்கி நுரைத்தது; மண்ணில் சுண்ணாம்பு மிகுந்திருப்பதன் அடையாளம் அது. மண்ணின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 8.4, அதாவது கார மண். நான் சுக்கான் கல் என்று பொறுக்கி வரப்பில் போட்டுவந்த வெள்ளைக் கற்கள் வயல் முழுவதும் பொடியாகக் கலந்திருக்கின்றன.

மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. ஆனால் சுண்ணாம்பு மிகுந்த கார மண்ணில் அது கரையாத துருவாகக் கிடக்கிறது. கடலைச் செடி தன் வேரிலிருந்து அமிலத்தைக் கசியவிட்டு, அந்தத் துருவைக் கரைத்து, வேரின் மேற்பரப்பிலேயே அதை வேறு வடிவ இரும்பாக மாற்றி உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் பக்கத்துக் கிணற்று நீரில் மிகுந்திருக்கும் பைகார்பனேட் என்னும் கார உப்பு அந்த அமிலத்தை அவ்வப்போது முறித்துவிடுகிறது. மஞ்சளாகிவிட்டதே என்று நான் தண்ணீரை இன்னும் தாராளமாகப் பாய்ச்சியது நோயை வளர்த்ததே தவிரத் தீர்க்கவில்லை. மக்காச்சோள ஓரத்தின் புதிருக்கும் அங்கேதான் விடை கிடைத்தது: புல்லினப் பயிர்களின் வேர்கள் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் ஒரு பொருளைக் கசியவிடுகின்றன, அப்படிக் கரைந்த இரும்பில் பக்கத்துக் கடலைக்கும் பங்கு கிடைக்கிறது. என் தோட்டத்தில் உண்மையாகவே வேலை செய்த ஒரே இயற்கை ஊக்கி அந்த மக்காச்சோளம்தான், அதற்கு நான் ஒரு பைசாவும் கொடுக்கவில்லை.

இரும்புக் கரைசலை வயல் முழுவதும் தெளிப்பதற்கு முன் சோதித்துப் பார்க்கச் சொன்னார் அந்த விஞ்ஞானி அம்மா. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு, அதாவது இரும்பு சல்பேட், அதனுடன் 1 கிராம் சிட்ரிக் அமிலம். கடலையின் ஒவ்வோர் இலையிலும் நான்கு சிற்றிலைகள் இருப்பதால் சோதனை எளிது: இரண்டு சிற்றிலைகளில் மட்டும் பஞ்சால் தடவி, தண்டில் நூல் கட்டி அடையாளம் வைத்தேன். ஐந்தாம் நாள் காலையில் தடவிய இரண்டிலும் பச்சை புள்ளி புள்ளியாகத் திரும்பியிருந்தது. தடவாத இரண்டும் அப்படியே மஞ்சளாக இருந்தன. ஒரே காம்பில் நின்ற அந்த நான்கு சிற்றிலைகளைப் பார்த்த பிறகு எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அதே கரைசலைப் பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை மாலை வேளையில் தெளித்தோம். அன்னபேதி கிலோ 60 ரூபாய்க்குக் கிடைத்தது. வாங்கும்போது வெளிர்பச்சைப் படிகமாக இருக்கிறதா என்று பாருங்கள்; பழுப்பேறி இருந்தால் அதுவும் துருவாகத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

இப்போது ஒரு சிறு கணக்கு. ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசலில் போவது ஒரு கிலோ அன்னபேதி. அதில் 19 விழுக்காடு இரும்பு என்றால் 190 கிராம். அந்தப் பாட்டிலில் ஒரு விழுக்காடு இரும்பு இருந்தது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், ஏக்கருக்குப் போன 400 மில்லியில் கிடைத்திருப்பது 4 கிராம். லேபிளில் எண் இல்லாததன் காரணம் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

கடற்பாசிச் சாறோ பஞ்சகவ்யமோ பொய் என்று நான் சொல்லவில்லை. மண்டபம் பக்கத்தில் மிதவைகளில் வளர்க்கும் பாசியிலிருந்து எடுக்கும் சாறு பல பயிர்களில் ஆய்வு செய்யப்பட்ட பொருள். என் மாமனார் பஞ்சகவ்யத்தை 3 விழுக்காடாகக் கரைத்துத் தெளித்துத்தான் காய்கறி செய்கிறார். இவை வேரோட்டத்துக்கும், வறட்சியைத் தாங்குவதற்கும், கிடைக்கும் சத்தைச் செடி நன்றாகப் பயன்படுத்திக்கொள்வதற்கும் துணை செய்யக்கூடியவை. இவற்றில் இரும்பும் துத்தநாகமும் மிகச் சிறிய அளவில்தான் இருக்கும். பற்றாக்குறை முற்றிய பயிருக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. சட்டமும் இந்த வேறுபாட்டைச் செய்திருக்கிறது. உரக் கட்டுப்பாட்டு ஆணை, 1985இல் உயிர் ஊக்கிகள் எனப்படும் பயோஸ்டிமுலன்ட் பொருள்கள் 2021இல் சேர்க்கப்பட்டபோது, அவற்றின் வேலை பயிரின் உடலியக்கத்தைத் தூண்டுவது என்றுதான் வரையறுத்தார்கள்; சத்தின் அளவு அந்த வரையறையில் பொருட்டே அல்ல. ஜிப்ரலிக் அமிலம் போன்ற வளர்ச்சி ஒழுங்கிகள் அதில் அடங்கா; அவை 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ்த் தனியாகப் பதிவு பெற வேண்டியவை. செடியை வெளிறிய நிறத்துடன் நெட்டையாக இழுத்துவிடுவது ஜிப்ரலிக் அமிலத்தின் இயல்பு என்று கேள்விப்பட்டபோது, முதல் தெளிப்புக்குப் பின் என் கடலை எழும்பி நின்றது நினைவுக்கு வந்தது.

கறுப்புக் குருணையையும் சோதித்தேன். ஒரு கைப்பிடியைச் சொம்புத் தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம் வைத்து, இரண்டு முறை அலசியபோது மை முழுவதும் கழன்று போயிற்று. அடியில் சாம்பல் நிறக் களிமண் உருண்டைகள் கிடந்தன. கிலோ 110 ரூபாய்க்குக் களிமண் வாங்கியவன் என்று என் பங்காளிகள் இன்னமும் கேலி செய்கிறார்கள்.

இன்னொரு பொய்யிலிருந்து தற்செயலாகத்தான் தப்பினேன். "கால்சியம் இதுலயே இருக்குதுங்க, ஜிப்சம் வேண்டாங்க" என்று அந்தப் பிரதிநிதி சொன்னதைக் கேட்டு ஜிப்சம் இடாமல் விட்டுவிட்டேன். இலையில் தெளிக்கும் கால்சியம் மண்ணுக்குள் இருக்கும் காய்க்கு இறங்குவதில்லை; பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கும் விழுதும் இளங்காயும் தங்களைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்தே அதை நேரடியாக உறிஞ்சிக்கொள்கின்றன. என் மண்ணில் சுண்ணாம்புக்குப் பஞ்சமில்லை என்பதால் பெரிய கேடு வரவில்லை. சரளைச் செம்மண்ணில் கடலை போடும் ஒருவர் அதை நம்பியிருந்தால், பறிக்கும்போது பொக்குக் காயைத்தான் எண்ணியிருப்பார்.

முந்தைய ஆண்டு 48 மூட்டை கண்ட நிலத்தில் இந்த ஆண்டு 31 மூட்டைதான் வந்தது. பூவும் விழுதும் இறங்க வேண்டிய நாள்களைச் செடி வெளிறியே கழித்துவிட்டதால், பிற்பாடு பச்சை திரும்பியும் காய்ப்பை முழுதாக மீட்க முடியவில்லை.

புகார் கொடுக்கப் போனபோது என் தவறும் வெளிப்பட்டது. கடையில் எனக்குக் கொடுத்தது ரசீது அல்ல, 'எஸ்டிமேட்' என்று எழுதிய துண்டுச் சீட்டு. கடையின் பெயரோ, உரிம எண்ணோ, பாட்டிலின் தொகுதி எண்ணோ அதில் இல்லை. நான் திறந்து பயன்படுத்திய பாட்டிலைச் சட்டப்படியான மாதிரியாக ஏற்க முடியாது என்றும், உர ஆய்வாளர் கடையில் இருக்கும் பிரிக்காத சரக்கிலிருந்துதான் மாதிரி எடுக்க முடியும் என்றும் வேளாண்மை அலுவலர் விளக்கினார். அவர் போய்ப் பார்ப்பதற்குள் கடை அலமாரியில் அந்தப் பாட்டில் ஒன்றுகூட இல்லை. நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் கட்டணமும் இல்லை. அங்கேயும் முதலில் கேட்கப்போவது ரசீதைத்தான்.

இப்போது மஞ்சள் நடவுக்காக அதே பிரதிநிதி அதே டம்ளருடன் பொங்கலூர்ப் பக்கம் வந்துபோவதாகக் கேள்விப்பட்டேன். யாரிடமாவது, விழுக்காடு எதுவும் அச்சிடாமல் பதினாறு சத்து என்று மட்டும் போட்ட பச்சை மூடி பாட்டில் பிரிக்காமல் இருந்தால், முறையான ரசீதும் இருந்தால், அதைத் திறக்காமல் உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் காட்டி எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். கடையில் இன்னும் சரக்கு இருக்கும்போதே கொடுப்பது முக்கியம். என்னிடம் காலிப் பாட்டில்கள் மூன்றும் களிமண் குருணைச் சாக்கும் இருக்கின்றன. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் எடுத்துவரத் தயாராக இருக்கிறேன்.