தாவரக் குரோமேட்டினில் ஓர் எதிர்ப்பொருள்: இரண்டு ஆண்டு அனுபவம்

டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரதங்களில் ஒன்றான எச்3 ஹிஸ்டோனின் 27ஆம் லைசின் அமினோ அமிலத்தில் மூன்று மெத்தில் தொகுதிகள் ஏறியிருப்பதை இனங்காணும் பாலிகுளோனல் எதிர்ப்பொருள் ஒன்றை இரண்டு ஆண்டுகளாக அரபிடாப்சிஸ் என்னும் ஆய்வுச் செடியின் இலைகளில் பயன்படுத்தி வருகிறேன். குரோமேட்டின் வீழ்படிவாக்கத்துக்கு (ஹிஸ்டோனையும் அதனுடன் பிணைந்த டிஎன்ஏவையும் எதிர்ப்பொருளால் பிரித்தெடுப்பதற்கு) ஏற்றது என்று உறையில் அச்சிட்டிருக்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் உடன் வரும் தாளில் உள்ள சோதனைகள் அனைத்தும் விலங்குச் செல்களில் செய்யப்பட்டவை என்பதால், தாவர ஆய்வாளர் அந்த உண்மையைத் தாமே உறுதிசெய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அதற்கான சிறந்த வழியைச் செடியே தருகிறது. அரபிடாப்சிஸில் மரபணுக்களை அமைதிப்படுத்தும் இந்த மெத்தில் அடையாளத்தைப் பதிப்பவை கர்லி லீஃப், ஸ்விங்கர், மெடியா ஆகிய மூன்று மெத்தில்டிரான்ஸ்ஃபெரேஸ் நொதிகள். மெடியாவின் பணி பெரும்பாலும் விதை உருவாக்கத்தோடு நின்றுவிடுவதால், இலைகளில் முதல் இரண்டுமே முக்கியம். இரண்டையும் இழந்த இரட்டைத் திடீர்மாற்றச் செடி இலை விடாமல் காலஸ் போன்ற திசுத்திரளாகவே வளர்கிறது. அந்தத் திரளின் புரதத்தையும் இயல்பான நாற்றின் புரதத்தையும் அருகருகே வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களைப் பிரித்து எதிர்ப்பொருளால் இனங்காணும் சோதனையில்) ஓட்டியபோது, இயல்பான நாற்றில் அடர்த்தியாகத் தெரிந்த பட்டை திடீர்மாற்றச் செடியில் ஏறக்குறைய மறைந்திருந்தது. அந்த ஒரு படம் எனக்கு அளித்த நம்பிக்கையை நிறுவனத்தின் தாள் அளிக்கவில்லை.

குறை இரண்டாவது லாட்டில், அதாவது அடுத்த உற்பத்தித் தொகுதியில், தெரிந்தது. எச்3 ஹிஸ்டோனின் வாலில் 9ஆம் லைசினும் 27ஆம் லைசினும் அலனின், ஆர்ஜினின், லைசின், செரின் என்னும் ஒரே வரிசைக்குள் அமர்ந்திருப்பதால், இந்த வகை எதிர்ப்பொருள்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ளும் அபாயம் எப்போதும் உண்டு. ஹிஸ்டோன் வாலின் சிறு துண்டுகளான பெப்டைடுகளைப் புள்ளியாக இட்டுச் சோதித்தபோது, முதல் லாட்டில் 9ஆம் லைசின் துண்டுக்கு மெல்லிய கறைகூடத் தெரியவில்லை; இரண்டாவதில் தெளிவாகவே தெரிந்தது. தாவரங்களில் இது சிறிய பிழையன்று. கிரிப்டோனைட் போன்ற நொதிகள் 9ஆம் லைசினில் பதிக்கும் இரட்டை மெத்தில் அடையாளம் இடம்மாறும் மரபணுக்கூறுகளில் செறிந்திருப்பதால், குழம்பும் எதிர்ப்பொருள் அந்தப் பகுதிகளையும் பாலிகோம்ப் இலக்குகள் (27ஆம் லைசின் அடையாளம் பெறும் மரபணுக்கள்) போலக் காட்டிவிடும். விவரத்தை எழுதியதும் நிறுவனம் மறுப்பின்றி வேறு லாட்டை அனுப்பியது, அதைப் பாராட்டுகிறேன். ஆனாலும் அதற்குள் ஒரு பருவத்து மாதிரிகள் வீணாகிவிட்டன.

நல்ல லாட் கையில் இருக்கும்போது இதன் தரத்தைப் பூப்பதைத் தடுக்கும் எஃப்எல்சி மரபணுவில் பார்க்கலாம். எஃப்எல்சியைத் தூண்டும் ஃபிரிகிடா மரபணு செயல்படும் செடிகளைத் தட்பப்பதனத்துக்கு (பூப்பதற்காக நீண்ட குளிருக்கு) உட்படுத்தினால், குளிரின்போது இந்த அடையாளம் எஃப்எல்சியின் தொடக்கத்தில் ஒரு சிறு பகுதியில் குவிந்து, வெப்பத்துக்குத் திரும்பிய பின் மரபணு முழுவதும் பரவ வேண்டும். இந்தப் பரவலுக்குத்தான் கர்லி லீஃப் தேவைப்படுகிறது. எங்கள் பிசிஆர் முடிவுகளில் குவிதலும் பரவலும் தனித்தனியே, ஒவ்வொரு மறுசோதனையிலும் ஒரே வடிவில் தெரிந்தன. பின்னணி இரைச்சல், எப்போதும் செயல்படும் ஆக்டின் மரபணுவில் மிகக் குறைவாகவே இருந்தது. பூவில் செயல்பட்டு இலையில் அமைதியாக இருக்கும் அகாமஸ் மரபணுவும் நல்ல நேர்மறைக் கட்டுப்பாடாக அமைந்தது. சாதாரண எச்3 எதிர்ப்பொருளைக் கொண்டு சமன்செய்யாமல் இந்த அளவுகளை ஒப்பிடக் கூடாது, ஏனெனில் நியூக்ளியோசோம் (ஹிஸ்டோன்களைச் சுற்றிய டிஎன்ஏ அலகு) அடர்த்தி இடத்துக்கு இடம் மாறும்.

புரதத்தையும் டிஎன்ஏவையும் பிணைக்கும் ஃபார்மால்டிஹைடு இலைக்குள் முழுமையாக இறங்க வெற்றிடத்தில் ஊறவைப்பது அவசியம்; அதில் தவறிவிட்டு எதிர்ப்பொருளைக் குறைகூறுவோரை நான் பார்த்திருக்கிறேன். குப்பியைச் சிறு பகுதிகளாகப் பிரித்து உறையவைத்தால் திரும்பத் திரும்ப உருக்க நேராது. வாங்கும்போதே, திட்டம் முடியும்வரை தேவைப்படும் குப்பிகள் அனைத்தையும் ஒரே லாட் எண்ணில் ஒதுக்கித் தரும்படி கேளுங்கள். கேட்டால் ஒதுக்கித் தருகிறார்கள்.