பேய்க் காதல் நாவல்: தாளிலா, போனிலா?

அமானுஷ்யக் காதல் கதை கையில் இருந்தால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். எதில் படிக்கலாம் என்று குழம்புகிறவர்களுக்காக இது.

செலவு: பழைய புத்தகக் கடையில் மாத நாவல் மலிவு, பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினரானால் இன்னும் மிச்சம். போனில் பல செயலிகளுக்குச் சந்தா கட்ட வேண்டும்.

உழைப்பு: மாத நாவல் தாள் சீக்கிரம் பழுப்பேறும், முதுகு பிரியும். போனில் அந்தக் கவலை இல்லை.

திகில்: இங்கேதான் தாள் ஜெயிக்கிறது. செத்துப்போனவள் காதலனின் கதவைத் தட்டும் இடத்தில் பக்கம் முடியும். ஈரத்தில் ஒட்டிக்கொண்ட அடுத்த தாளை நகத்தால் மெல்லப் பிரிக்கிற அந்த நொடி இருக்கிறதே! போனில் என்றால் அதற்குள் ஒரு மெசேஜ் வந்து குறுக்கே நிற்கும்.

நெல்லை எக்ஸ்பிரஸில் விளக்கணைத்த பிறகு படிக்கப் போன்தான் சரி. ஐப்பசி மழை ராத்திரியில், வீட்டில், தாள்தான்.