பழைய சைலோவின் ஸ்வீப் ஆகர்: ஆறு ஆண்டு அனுபவம்

மலேசியாவின் பினாங்கில், நிபோங் திபால் பக்கம் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் தீவன ஆலையின் இயந்திரங்களைக் கவனித்துக்கொள்கிறேன். மக்காச்சோளம் கப்பலில் பிறைத் துறைமுகத்துக்கு வந்து, அங்கிருந்து லாரியில் எங்கள் சைலோவுக்கு, அதாவது உருளை வடிவத் தானியத் தொட்டிக்கு, வருகிறது. 21 அடி விட்டமுள்ள இந்த இரும்புச் சைலோவைப் பண்ணை 2019இல் பழைய சாமானாக வாங்கியது. அதற்குள் ஓர் அமெரிக்கத் தயாரிப்பு ஸ்வீப் ஆகரும் இருந்தது. 6 அங்குலத் திருகு, ஏறக்குறைய பத்தடி நீளம். இந்த ஆறு ஆண்டுகளில் அதைப் பழுதுபார்த்ததையும் மாற்றியதையும் எழுதிவைக்கிறேன்.

ஆகரைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். சைலோவின் நடுக்குழி வழியாகச் சோளம் தானாகவே வடியும். ஆனால் முழுவதும் வடியாது. உலர்ந்த சோளம் சுமார் 23 பாகைச் சரிவில் நின்றுவிடும். நடுவில் தரை தெரியும் நேரத்தில் எங்கள் சைலோவின் சுவரோரம் நான்கரை அடி உயரத்துக்குச் சோளம் நிற்கும். கணக்குப் போட்டால் 20 டன்னுக்குக் குறையாது. தரையில் படுத்தபடி கடிகார முள்ளைப் போலச் சுற்றிவந்து, அந்தச் சோளத்தை நடுக்குழிக்கு இழுத்துத் தள்ளுவதுதான் ஆகரின் வேலை. மோட்டார் வெளியே இருக்கிறது. தரைக்கடியில் போகும் தண்டு வழியாக நடுக் கியர்பெட்டிக்குச் சுழற்சி வருகிறது.

முதல்முறை சைலோவைக் காலி செய்ய இரண்டு நாள் பிடித்தது. ஆகர் கால் சுற்று வந்ததும் சோளத்தின்மேல் ஏறி நின்றுவிடும். மூன்று தொழிலாளர்கள் மண்வெட்டியோடு உள்ளே இறங்கி, ஓடிக்கொண்டிருந்த ஆகரைப் பலகையால் முட்டுக்கொடுத்துத் தள்ளினார்கள். தூசியில் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியவில்லை. திருகுக்கும் அவர்கள் காலுக்கும் இடையே ஒரு முழ தூரம் இருந்திருந்தால் அதிகம். அந்தக் காட்சி இன்றும் என் வயிற்றைப் பிசைகிறது. இனி ஆகர் ஓடும்போது மனிதன் உள்ளே இருக்கக்கூடாது என்று அன்றே முடிவெடுத்தேன். அதற்குப் பிறகு செய்த எல்லா வேலைகளும் அந்த முடிவைக் காப்பாற்றத்தான்.

மோட்டார் சிறியது, பெரியதாகப் போடலாம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நான் முதலில் திருகை அளந்தேன். சுவரோர முனையில் விட்டம் 150 மில்லிமீட்டருக்குச் சற்று மேலே இருந்தது. நடுக்குழிப் பக்கத்தில் 127. காரணம் எளிது. சுவரோர முனை தன் முன்னால் கிடக்கும் சோளத்தை மட்டும் நகர்த்துகிறது. நடுப்பக்கமோ பத்தடி நீளமும் சேர்த்துக் கொண்டுவரும் அத்தனை சோளத்தையும் கடத்தியாக வேண்டும். அதனால் தேய்மானமும் அங்கேதான். தண்டுக்குழாயின் 42 மில்லிமீட்டரைக் கழித்துப் பார்த்தால், 127க்குத் தேய்ந்த இடத்தில் கடத்தும் திறன் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அங்கே நெருக்கடி ஏற்பட்டதும் பின்னால் வரும் சோளம் தேங்கித் திருகைத் தூக்கிவிடுகிறது. எவ்வளவு பெரிய மோட்டார் போட்டாலும் இந்தக் கழுத்து அகலமாகாது.

புதிய திருகுக்கு விலை கேட்டிருந்த நேரத்தில் 2020 மார்ச் 18 அன்று கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாடு வந்துவிட்டது. வெளிநாட்டு உதிரிபாகம் எப்போது வரும் என்று சொல்ல ஆளில்லை. கோழிகளுக்குத் தீவனம் நிற்கக்கூடாது.

அப்போது வழிகாட்டியவர் என் அப்பா. அவர் இதே வட்டாரத்துத் தோட்டமொன்றின் செம்பனை எண்ணெய் ஆலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆலை முழுக்கத் திருகுக் கடத்திகள்தான், அவற்றோடுதான் அவர் வாழ்நாள் கழிந்தது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, “தண்டைத் தலைமாற்றிப் போட்டுப் பார், தம்பி” என்றார். எனக்கு உடனே பிடிபடவில்லை. திருப்பிப் போட்டால் சோளம் எதிர்ப்பக்கம் போகாதா என்று கேட்டேன். அவர் மரையிட்ட கம்பி ஒன்றையும் ஒரு நட்டையும் கையில் கொடுத்தார். நட்டை எந்த முனையில் மாட்டினாலும் வலப்பக்கம் திருப்பினால்தான் ஏறியது. வலத்திருகு எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் வலத்திருகுதான். ஆகவே சுழலும் திசையையும் மாற்ற வேண்டியதில்லை. தேயாத முனை நடுவுக்கு வருகிறது. அதோடு, இதுவரை சோளம் உரசாத தகட்டின் மறுமுகம் இப்போது சுமக்கும் முகமாகிறது.

முனைக்கட்டைகளை இடம் மாற்றி, போல்ட் துளைகளைப் புதிதாகத் துளைத்தோம். தேய்ந்த முனை சுவரோரம் போனதால் தரையிலிருந்து எழும்பி நின்றது. திருகோடு சேர்ந்து சுழலும் முனைச்சக்கரத்தைக் கடைசலில் கொடுத்துச் சிறிதாக்கியதும் அதுவும் சரியானது. செலவு 180 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). இரண்டு நாள் வேலை ஒரு பகலில் முடிந்தது. தேய்ந்த விளிம்பு கத்தி போல இருக்கும். கையுறை இல்லாமல் தொட்டு நான் நான்கு தையல் போட்டுக்கொண்டேன்.

அந்த ஏற்பாடு பத்து மாதம் தாங்கியது. 2021 தொடக்கத்தில் புதிய தகடுகளை உள்ளூர்ப் பட்டறையிலேயே வெட்டினோம். தட்டையான வளையங்களை வெட்டி, இழுத்துத் திருகாக்கி, தண்டில் வெல்டிங் செய்வது முறை. வளையத்தை 152 மில்லிமீட்டருக்கே வெட்டினால் இழுக்கும்போது விட்டம் சுருங்கிவிடும். 152 விட்டம், 152 புரியிடைவெளி, 42 தண்டு என்ற எங்கள் அளவுக்கு வெளிவிட்டம் 184, உள்துளை 74 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஒரு முழுச் சுற்றுக்கு இந்த வளையத்தில் 313 பாகை போதும். எனவே ஒரு வெட்டு மட்டும் போட்டு முழு வளையத்தையும் இழுத்தால், ஒவ்வொன்றும் ஒரு சுற்றுக்குச் சற்று அதிகமாகவே வரும். வெல்டிங் செய்த அண்ணன் ஒரே பக்கமாகப் போகாமல் இரு முனையிலிருந்தும் மாறிமாறிப் பற்றவைத்தார். இல்லையென்றால் சூட்டில் தண்டு வில்லாக வளைந்துவிடும்.

நடுப்பக்கம் மூன்றடிக்கு மட்டும் விளிம்பில் தேய்மானம் தாங்கும் கடின வெல்டிங் பூசினோம். இதில் ஒரு தவறு செய்தேன். பூச்சை வழவழப்பாகத் தேய்க்காமல் மாட்டிவிட்டேன். முதல் மாதமே உடைசல் சோளம் கூடியது. கழற்றி கிரைண்டரில் விளிம்பை மழித்த பிறகு குறைந்தது. மொத்தச் செலவு 1,150 வெள்ளி.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம்முடையது 50. அங்கே நிமிடத்துக்கு 1,750 சுற்று ஓடும் மோட்டார் வகை இங்கே 1,450தான் ஓடும். முந்தைய உரிமையாளர் மோட்டாரை மாற்றியவர் கப்பியை அப்படியே விட்டுவிட்டார். ஆகவே ஆகர் பிறந்த வேகத்தைவிட 17 விழுக்காடு மெதுவாகவே ஓடிக்கொண்டிருந்தது. மோட்டார் பக்கத்து 4 அங்குலக் கப்பியை எடுத்துவிட்டு நாலே முக்கால் அங்குலம் போட்டேன். மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தையும் கவ்வு மீட்டரில் பார்த்தேன். பெயர்த்தகட்டில் 11 ஆம்பியர், ஓட்டத்தில் 9.3. பழைய இயந்திரம் வாங்குகிறவர்கள் திருகைத் தொடுவதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இரும்புச் சக்கரம் வழவழப்பான தரையில் வழுக்கியதால், மோட்டார்சைக்கிள் டயரை வெட்டிச் சுற்றிலும் போல்ட் போட்டேன். பதினான்கு மாதம் உழைத்தது. இப்போது முழு ரப்பர் வார்த்த சக்கரம். திருகின் பின்னால் நிற்கும் முதுகுத் தகட்டின் அடியில் பழைய கன்வேயர் பெல்ட் பட்டையை மாட்டியது எனக்கு மிகவும் பிடித்த மாற்றம். முன்பு ஆகர் போன பிறகு மூன்று விரல் கனத்துக்குச் சோளம் தங்கும். இப்போது ஒரு விரல். நம் ஈரக்காற்றில் தரையில் தங்கும் பழைய சோளமும் தூளும்தான் பூஞ்சணத்தின் விளைநிலம். அதன்மேல் புதுச் சோளத்தைக் கொட்டினால் அஃப்ளடாக்சின் நஞ்சு தீவனத்துக்குள் வர வழி திறந்துவிடும். தகட்டு விளிம்பில் நைலான் தூரிகை வைத்துப் பார்த்ததும் உண்டு. மூன்றே மாதத்தில் இழைகள் உதிர்ந்து சோளத்தில் கலந்தன. அன்றே கழற்றினேன், யாரும் அதைச் செய்ய வேண்டாம்.

இப்போது ஆகர் ஓடும்போது ஆள்நுழைவு வாயிலின் வெளியே நின்றுதான் பார்க்கிறோம். சிக்கினால் மோட்டாரை நிறுத்தி, மின்துண்டிப்பானில் பூட்டுப் போட்டு, உள்ளே போகிறவரே சாவியைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். காற்றைச் சோதித்த பிறகே நுழைவு, வாயிலில் எப்போதும் ஒருவர் காவல். வேலையிடப் பாதுகாப்புத் துறையின் 2010ஆம் ஆண்டு அடைபட்ட இட நடைமுறை விதிகளில் இவை உண்டு. அந்தப் பயிற்சிக்கு எங்கள் ஆட்கள் நான்கு பேரையும் அனுப்பச் சொல்லி நிர்வாகத்திடம் ஓராண்டு மன்றாடினேன். இப்போது நால்வரிடமும் சான்றிதழ் இருக்கிறது. ஒருவரும் மண்வெட்டியோடு ஓடும் திருகின் பக்கம் போவதில்லை.

தீராத குறை ஒன்று இருக்கிறது. நடுக் கியர்பெட்டியின் எண்ணெய் சீல் ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை தூளால் கெடுகிறது. கம்பளி வளையம் வைத்தும் பெரிய பயனில்லை. சீலும் பேரிங்கும் கையிருப்பில் வைத்திருக்கிறேன்.

போன மாதம் அளந்தபோது நடுப்பக்கம் 146 மில்லிமீட்டர் இருந்தது. 140க்கு வந்ததும் கழற்றுவேன். மழை குறையும் ஜனவரி, பிப்ரவரியில் சைலோவைக் காலி செய்வோம், அப்போது அடுத்த தலைமாற்று. இந்த முறை கடின வெல்டிங்கை இரு முனையிலும் முன்கூட்டியே பூசி, தேய்த்து வைத்துவிட்டேன். 184க்கு வெட்டிய மாதிரி வளையம் பட்டறைச் சுவரில் அப்பாவின் பழைய ஸ்பேனருக்குப் பக்கத்தில் தொங்குகிறது.