லண்டன் குழாய்த் தண்ணீரில் பியர் காய்ச்சுகிறீர்களா? சாலிஃபர்ட் கிட் ஒன்று வாங்கிவிடுங்கள்

லண்டனில் வீட்டிலேயே பியர் காய்ச்சும் பலரும் மால்ட்டையும் (முளைகட்டி உலர்த்திய பார்லி) ஹாப்ஸையும் (கசப்பும் மணமும் தரும் பூ) மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள், தண்ணீர் பக்கம் மட்டும் போகவே மாட்டார்கள். இந்தத் தண்ணீரில் ஸ்டவுட் என்ற கறுப்புப் பியர் நன்றாக வரும், ஆனால் வெளிர் ஏல் என்ற இளநிறப் பியர் காய்ச்சினால் நாக்கில் ஒரு துவர்ப்பு ஒட்டிக்கொண்டு நிற்கும். சுண்ணாம்புப் பாறையில் ஊறி வருகிற தண்ணீர், காரத்தன்மை, அதாவது அமிலத்தை முறிக்கும் தன்மை, அதிகம். வெளிர் மால்ட்டில் இருக்கும் அமிலம் அதற்குப் போதாது என்பதால் மேஷின் (மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்த கூழ்) பிஎச் 5.2–5.6க்கு இறங்காமல் மேலேயே நின்றுவிடும், அப்போதுதான் உமியிலிருந்து துவர்ப்பு இறங்குகிறது. வறுத்த மால்ட்டில் அமிலம் கூடுதல், அதனால் ஸ்டவுட் தப்பிக்கிறது.

இதைச் சரிசெய்யத் தண்ணீரின் காரத்தன்மை எவ்வளவு என்று முதலில் தெரிய வேண்டும். அதை அளக்கும் சாலிஃபர்ட் காரத்தன்மை கிட் உண்மையில் கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கானது. 4 மில்லி தண்ணீரை எடுத்து, அதில் நிறங்காட்டியை விட்டு, சின்ன சிரிஞ்சில் இருக்கும் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நீலப்பச்சை சட்டென்று இளஞ்சிவப்பாகும், அங்கே நிறுத்திவிட்டு, சிரிஞ்சில் மிச்சம் எவ்வளவு என்று பார்த்து அட்டவணையில் தேடினால் விடை. சிரிஞ்சின் பிஸ்டனுக்குக் கீழே கொஞ்சம் காற்று நிற்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கணக்கு கெடாது. அட்டவணையில் மில்லிஈக்விவலன்ட் (meq/L) என்று இருக்கும் எண்ணை 50ஆல் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் என்று வந்துவிடும். 4.6 என்றால் 230. நிறம் மாறும் இடத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், மஞ்சள் விளக்கின் கீழ் சரியாகத் தெரியாது.

காரத்தன்மையை நிறத்தால் காட்டும் காகிதப் பட்டைகளையும் வாங்கிப் பார்த்தேன், ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடைவெளி அவ்வளவு பெரிது, அமிலம் எவ்வளவு விடுவது என்று அதை வைத்து முடிவுசெய்யவே முடியாது. தண்ணீர் கம்பெனியின் அறிக்கை சல்பேட்டும் குளோரைடும் பார்க்க உதவும், ஆனால் அதில் இருப்பது சராசரிதான், இன்றைக்குக் குழாயில் வருவது அல்ல.

எண் கையில் வந்துவிட்டால் மீதி வேலை சுலபம். சிஆர்எஸ் என்ற அமிலக் கலவை லிட்டருக்கு 1 மில்லி விட்டால் காரத்தன்மையில் சுமார் 180 குறையும். 230 இருந்த தண்ணீர் 50க்கு வந்துவிடும், வெளிர் ஏலுக்கு அது போதும். நன்றாகக் கலக்கி, குமிழ் அடங்கிய பிறகு அதே கிட்டில் மறுபடி ஒரு தடவை பாருங்கள், அந்த இரண்டாவது சோதனைக்காகவே இதை வாங்கலாம் என்பேன். ஹாப்ஸ் தூக்கலாக வேண்டும் என்றால் அப்புறம் ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) சேர்க்கலாம். 10 லிட்டருக்கு 1 கிராம் போட்டால் கால்சியம் லிட்டருக்கு 23 மில்லிகிராம் கூடும்.

குளோரினை இந்தக் கிட் காட்டாது. அதை நீக்கும் கேம்ப்டன் மாத்திரை பாதி, 25 லிட்டருக்கு, கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் பியரில் மருந்து வாடை வரும்.

கிளாஸ்கோ பக்கம் இருப்பவர்கள் இதற்குக் காசு செலவழிக்க வேண்டாம். லாக் கேட்ரின் ஏரித் தண்ணீரில் காரத்தன்மை என்று சொல்லவே ஒன்றும் இல்லை, அங்கே ஜிப்சமும் கால்சியம் குளோரைடும் நல்ல தராசும்தான் தேவை.