பிரிக்பீல்ட்ஸ் மகா விகாரையின் இலவச நூல்கள்: வாங்குவோருக்கும் அச்சிட்டுத் தருவோருக்கும்

கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவில், ஜாலான் பெர்ஹாலாவில் இருக்கிறது மகா விகாரை. 1894-இல் சிங்களச் சமூகத்தார் தொடங்கிய சங்கம் நடத்தும் பௌத்தக் கோயில் இது. பௌத்த நெறி கற்பிக்கும் ஞாயிறு தம்மப் பள்ளி 1929 முதல் நடக்கிறது. 1952-இல் இலங்கையிலிருந்து வந்த கே. ஸ்ரீ தம்மானந்த மகாதேரர் பத்தாண்டு கழித்துப் பௌத்த மிஷனரி சங்கத்தை நிறுவினார். எளிய ஆங்கிலத்தில் எழுதி, விலையில்லாமல் கொடுக்கும் வழக்கம் அவரால் இங்கே வேரூன்றியது.

அச்சம், கவலை, இல்லறம் என்று வாழ்க்கையைத் தொடும் அவருடைய சிறு நூல்கள் புதிதாகப் படிப்பவருக்கு மிகப் பொருத்தம். புத்தரின் உரைகளான சூத்திரங்களை ஆழ்ந்து கற்க அவை மட்டும் போதா. கண்டியில் 1958-இல் தொடங்கிய பௌத்த வெளியீட்டுச் சங்கத்தின் நூல்கள் அடுத்த படி. அவற்றில் பல இணையத்திலேயே இலவசம்.

இலவச நூல் எதுவானாலும் உபயக்காரர் கிடைத்தால்தான் மறுபதிப்பு வரும். ஆங்கிலத்துக்கும் சீனத்துக்கும் உபயம் குவிகிறது. மணிமேகலை பிறந்த மொழிக்குக் கொடுப்பவர் அரிது. வருத்தமான நிலை இது. தமிழ் நூல் வேண்டுமென்றால் நாம்தான் முன்வர வேண்டும்.

முன்வருவோர் முதலில் உரிமையாளரிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்குங்கள். இலவச நூலுக்கும் பதிப்புரிமை உண்டு. பணத்தை அச்சகத்துக்கு நேரே கட்டினால் வரிவிலக்கு ரசீது கிடைக்காது. வருமான வரிச் சட்டம் 44(6)-இன் கீழ் அங்கீகாரம் பெற்ற அமைப்பு வழியாகக் கொடுத்தால், தனிநபர் தம் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழிக்கலாம். அமைப்பின் பெயர் வருமான வரி வாரியத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள்.

அதிகம் கெடுவது எழுத்துருவில்தான். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சானதை யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்புகள் இடம் மாறும். பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளில், இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்டு-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் சரியான எழுத்தும் சிதறும். ஆகவே வேர்டு கோப்பைத் திருத்தியதோடு நிற்காமல், அச்சுக்குப் போகும் பிடிஎஃப்பைத் தாளில் எடுத்து வரிவரியாகப் படியுங்கள். பக்கக் கணக்கும் முக்கியம்: 16 பக்கப் பாரமாக (ஒரே தாளில் சேர்த்து அச்சிட்டு மடிக்கும் பக்கத் தொகுதி) அடித்தால் 100 பக்க நூலுக்கு 112 பக்கத் தாள் செலவாகும்; 96-க்குள் அடக்கினால் மிச்சம். நடுவில் கம்பி அடிக்கும் சிற்றேடு என்றால் பக்க எண்ணிக்கை 4-இன் மடங்காக வேண்டும். தமிழாக்கம் ஆங்கில மூலத்தைவிட நீளும் என்பதால் முன்பே இடம் விடுங்கள்.

மலேசிய அரசியலமைப்பின் 11(4) பிரிவை ஒட்டி, முஸ்லிம்களிடையே பிற சமயம் பரப்புவதைக் கட்டுப்படுத்தும் மாநிலச் சட்டங்கள் இருப்பதால், முஸ்லிம் அல்லாதோருக்கு மட்டும் என்ற வரி உள்ளட்டையில் இருக்கட்டும்.

பிரதி கூடக்கூட ஒன்றின் அடக்கவிலை குறையும். அந்த ஆசையில் 5,000 அடித்துவிடுகிறார்கள். இந்த ஊர் ஈரத்தில், சிமெண்டுத் தரையில் வைத்த பெட்டிகளுக்குள் பூஞ்சை பிடித்துவிடும். மரப்பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். எந்தக் கோயிலுக்கு, எந்த நூலகத்துக்கு எத்தனை என்ற பட்டியல் தயாரான பிறகே அச்சகத்திடம் எண்ணிக்கை சொல்லுங்கள்.