செஃபாரியா: ஹில்லேலின் ஏழு விதிகளை மூலத்திலேயே படிக்க

யூத மறைநூல்களையும் உரைகளையும் இலவசமாகத் தரும் இணைய நூலகம் செஃபாரியா. கணக்குத் தொடங்காமலே படிக்கலாம். ஹில்லேல் என்ற பண்டைய யூத அறிஞர் பெயரில் வழங்கும், மறைநூலுக்குப் பொருள்கொள்ளும் ஏழு விளக்க விதிகளைக் கற்க இது போதுமா? போதும், ஆனால் எங்கே தொடங்குவது என்று தளம் சொல்லித் தராது.

ஏழு விதிகளின் பட்டியல் தொசெஃப்தா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பில், சன்ஹெத்ரின் என்ற பிரிவின் 7ஆம் அத்தியாயத்தின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. மேற்கோள்களில் 7:11 என்று வரும். பதிப்புக்குப் பதிப்பு எண் மாறும் என்பதால் அதைத் தட்டிவிட்டுக் காணோமே என்று திரும்பிவிட வேண்டாம். பட்டியல் வெறும் பெயர்கள்தான். விதிகள் வேலைசெய்வதைப் பார்க்க, யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான பாபிலோனியத் தல்மூத்தில் பெசாஹிம் பிரிவின் 66அ (66a) பக்கத்துக்குப் போக வேண்டும்.

அங்கே சிக்கல் இது: பஸ்கா பண்டிகைக்கான ஆட்டைப் பலியிடும் நாள் (யூத நாட்காட்டியில் நிசான் மாதம் 14) வேலை விலக்கப்பட்ட ஓய்வுநாளில் வந்தால் ஆட்டை அறுக்கலாமா? 'குறித்த காலத்தில்' என்ற சொல் பஸ்காவுக்கும் (எண்ணாகமம் 9:2) அன்றாடப் பலிக்கும் (28:2) வருகிறது. அன்றாடப் பலி ஓய்வுநாளிலும் நடக்கிறது, ஆகவே பஸ்காவும் நடக்கலாம் என்கிறார் ஹில்லேல். இது கெஸெரா ஷாவா, சொல் ஒப்புமை. அடுத்தது கல் வஹோமெர், நம் உரையாசிரியர்களின் கைமுதிக நியாயத்துக்குப் பக்கத்தில் வருவது: தவறினால் கடுந்தண்டனை இல்லாத அன்றாடப் பலியே ஓய்வுநாளை மீறுமென்றால், தவறினால் சமூகத்திலிருந்து அறுப்புண்டு போகும் பஸ்கா மீறாதா?

இந்தப் பக்கத்தோடு நிறுத்துவதுதான் பலரும் செய்யும் தவறு. இங்கே ஹில்லேல் உடனே வென்று தலைவராகிவிடுகிறார். இன்னொரு தொகுப்பான எருசலேம் தல்மூத்தின் பெசாஹிம் 6:1ஐயும் திறந்தால் கதை வேறு. அங்கே கேட்பவர்கள் மறுக்கிறார்கள். அன்றாடப் பலிக்கு எண்ணிக்கை வரையறை உண்டு, பஸ்காவுக்கு இல்லை. அன்றாடப் பலி மகா பரிசுத்தம், பஸ்கா அதற்குக் கீழ். சொல் ஒப்புமையை எவரும் தாமாகச் செய்யக்கூடாது. ஒவ்வொரு வாதமும் இப்படி உடைபடுகிறது. என் ஆசிரியர்கள் ஷெமாயாவிடமும் அப்தாலியோனிடமும் இப்படிக் கேட்டேன் என்று ஹில்லேல் சொன்ன பிறகே அவர்கள் ஏற்கிறார்கள். விதியின் எல்லை இங்கேதான் பிடிபடும். இரண்டு தல்மூத்களையும் சொடுக்கும் தூரத்தில் வைத்திருப்பது இத்தளத்தின் பெரிய பலம்.

ஆங்கில மொழிபெயர்ப்பில் ஓர் எச்சரிக்கை. பாபிலோனியத் தல்மூத்துக்கு ஸ்டைன்சால்ட்ஸ் மொழிபெயர்ப்பு. அதில் தடித்த எழுத்து மட்டுமே மூலம், மெல்லிய எழுத்து விளக்கம். இரண்டையும் கலந்து படியெடுத்தால் உரையாசிரியர் சொன்னது ஹில்லேல் சொன்னதாகிவிடும். தேடும்போதும் கவனம்: கெஸெரா ஷாவா 'வெர்பல் அனாலஜி' ஆகியிருக்கும். எபிரெய எழுத்தில் தேடினால் இந்தச் சிக்கலிலிருந்து தப்பிக்கலாம்.

வரியைத் தொட்டால் பக்கத்தில் விரியும் பலகையில் ராஷி, தோசஃபோத் ஆகிய இடைக்கால உரைகள் வரும். எல்லாவற்றுக்கும் மொழிபெயர்ப்பு இல்லை. பயனர்கள் தொகுத்த தாள்கள் கூடவே வரும், தரம் ஏறி இறங்கும். ரபி இஷ்மாயேலின் 13 விதிகளும் வேண்டுமென்றால் லேவியராகமத்துக்கான பழைய உரையான சிஃப்ராவின் முகப்பைத் திறங்கள். தமிழ் இடைமுகம் கிடையாது.