டி.எம்.பி.117, எம்.சி.பி.9808, டி.எஸ்.18பி20: எந்த வேலைக்கு எந்த வெப்பநிலை சென்சார்?

டிஜிட்டல் வெப்பநிலை சென்சார் வாங்கப் போனால் முதலில் கண்ணில் படுவது புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கங்கள்தான். திரையில் 27.0625 என்று வந்துவிட்டால் அத்தனை இலக்கமும் உண்மை என்று நம்பத் தோன்றும். அது பகுதிறன் மட்டுமே. எவ்வளவு சிறிய மாற்றத்தைச் சென்சார் எண்ணாகக் காட்டும் என்பதைத்தான் அது சொல்கிறது. காட்டும் எண் உண்மையான வெப்பநிலையிலிருந்து எவ்வளவு விலகலாம் என்பதே துல்லியம். டி.எஸ்.18பி20, 12 பிட்டில் 0.0625 டிகிரிப் படிகளாகக் காட்டும். ஆனால் அதற்கு உறுதி தரப்படுவது மைனஸ் 10 முதல் 85 டிகிரி செல்சியஸ் வரை ±0.5 மட்டும்தான்.

அடுத்த குழப்பம் எம்.சி.பி.9808-ல் வருகிறது. இதைப் பற்றிப் பேசுகிற எல்லாரும் ±0.25 என்பார்கள். டேட்டாஷீட்டை (தயாரிப்பாளரின் விவரத்தாளை)த் திறந்தால் அது 'டிபிகல்' மதிப்பு, அதாவது வழக்கமாக எதிர்பார்க்கக்கூடியது, உறுதி அல்ல. மைனஸ் 20 முதல் 100 டிகிரி வரை 'மேக்ஸிமம்', அதாவது பிழை தாண்டாது என்று உறுதி தரும் எல்லை, ±0.5. உங்கள் கைக்கு வந்து சேரும் அந்த ஒரு சிப்புக்கு என்ன உறுதி என்று கேட்டால், இதுவும் டி.எஸ்.18பி20-ம் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்கின்றன. சென்சார்களை ஒப்பிடும்போது மேக்ஸிமம் மதிப்பை மேக்ஸிமத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள். பாதி விளம்பர வித்தியாசங்கள் அங்கேயே காணாமல் போகும்.

அப்படி ஒப்பிட்ட பிறகும் தனியாக நிற்பது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டி.எம்.பி.117. மைனஸ் 20 முதல் 50 டிகிரி வரை ±0.1, அதுவும் மேக்ஸிமம் மதிப்பு. மைனஸ் 55 முதல் 150 வரையிலான முழு வரம்பிலும் ±0.3-ஐத் தாண்டாது. 16 பிட், ஒரு படி 0.0078 டிகிரி. விநாடிக்கு ஒருமுறை அளந்தால் சராசரியாக 3.5 மைக்ரோஆம்பியர்தான் இழுக்கும், அதனால் பேட்டரியில் ஓடும் கருவிக்கும் நன்றாகப் பொருந்தும். முட்டையிலிருந்து குஞ்சு பொரிக்க வைக்கும் இன்குபேட்டரை 37.5 டிகிரியில் நிறுத்த வேண்டுமென்றால் அரை டிகிரி பிழை பெரிய பிழை. அந்த வேலைக்கு யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் இந்த 0.1 சிப்பில் இருக்கிறது. போர்டில் ஏற்றியதும் அதைக் காப்பாற்றுவது நம் பொறுப்பு. 2 மில்லிமீட்டர் அகலச் சிப் அது. தான் உட்கார்ந்திருக்கும் செம்புத் தடத்தின் வெப்பநிலையைத்தான் முதலில் உணரும், காற்றுடையதை அப்புறம்தான். பக்கத்திலேயே வைஃபை ஓடும் மைக்ரோகன்ட்ரோலரோ வோல்டேஜ் ரெகுலேட்டரோ இருந்தால், அந்தச் சூடு கிரவுண்ட் தடம் வழியாக நேரே வந்து சேரும். ஒரு டிகிரிக்கு மேல்கூட ஏறலாம். அத்தனை விலை கொடுத்து வாங்கிய துல்லியம் போச்சு. சென்சாரைத் தனிப் போர்டில், மெல்லிய கம்பிகளால் தள்ளி வையுங்கள். ஒரே போர்டில்தான் வைக்க வேண்டுமென்றால் சுற்றிலும் பிளவு வெட்டி, தடங்களை மெலிதாக்குங்கள். மாட்யூலில் பவர் எல்.இ.டி. இருந்தால் கழற்றிவிடலாம். இடைவிடாமல் அளக்கவிடாமல், தேவைப்படும்போது மட்டும் அளக்கும் ஒன்-ஷாட் முறையில் ஓட்டினால் சிப் தன்னைத்தானே சூடாக்கிக்கொள்வதும் குறையும். பி.எம்.இ.280 போன்ற கூட்டுச் சென்சார்களின் வெப்பநிலை எண்ணைத் துல்லிய வேலைக்கு நம்பாதீர்கள். அது அழுத்தம், ஈரப்பதம் ஆகியவற்றின் கணக்கைத் திருத்துவதற்காக முதன்மையாக வைக்கப்பட்டது.

தண்ணீர் என்று வந்துவிட்டால் கதை மாறுகிறது. மீன் தொட்டிக்கோ மண்ணுக்கோ டி.எஸ்.18பி20-தான் வசதி. துருப்பிடிக்காத எஃகுக் குழாயில் அடைத்து, கேபிளோடு தயாராகக் கிடைக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனி 64 பிட் எண் உண்டு, ஆகவே ஒரே கம்பியில் பலவற்றைக் கோத்துவிடலாம். மற்ற இரண்டும் ஐ2சி என்ற இணைப்பில் முகவரி வைத்துப் பேசுபவை: டி.எம்.பி.117-க்கு நான்கு முகவரிகள், எம்.சி.பி.9808-க்கு எட்டு, ஒரே இணைப்பில் அவ்வளவுதான் கோக்கலாம். கேபிள் பல மீட்டர் நீண்டால் ஐ2சி தடுமாறத் தொடங்கும், டி.எஸ்.18பி20 பயன்படுத்தும் ஒன்-வயர் இணைப்பு தாக்குப்பிடிக்கும். திடீரென்று 85 டிகிரி என்று வந்தால் பயப்பட வேண்டாம், அது மின்சாரம் வந்தவுடன் இருக்கும் தொடக்க மதிப்பு. 12 பிட் அளவீட்டுக்கு 750 மில்லிவிநாடி வரை ஆகும், அதற்குள் படித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். இல்லையென்றால் நடுவில் மின்னழுத்தம் விழுந்திருக்கும். இதில் எனக்கு உண்மையான கவலை தருவது போலிகள். சந்தையில் ஏராளமாகப் புழங்குகின்றன, ±0.5 என்ற உறுதி அவற்றுக்குப் பொருந்தாது. நம்பகமான விநியோகஸ்தரிடம் மட்டும் வாங்குங்கள்.

150 டிகிரிக்கு மேலே போகிற அடுப்பு வேலைக்கு மூன்றுமே ஆகாது; பிளாட்டினத்தின் மின்தடையை வைத்து வெப்பநிலை அறியும் பிடி100 சென்சாரும், அந்த மின்தடையை எண்ணாக மாற்றும் மேக்ஸ்31865 சிப்பும் போன்றவை வேண்டும்.

எதை வாங்கினாலும் பனிக்கட்டியில் ஒருமுறை சோதித்துவிடுங்கள். காய்ச்சி வடித்த நீரில் செய்த பனிக்கட்டியைப் பொடித்து நிரப்பி, இடைவெளிகள் நிறையும் அளவுக்கு மட்டும் அதே நீரை ஊற்றி, கிளறிக்கொண்டே இருங்கள். நீர் புகாதபடி மூடிய சென்சார் பாத்திரத்தின் அடியையோ சுவரையோ தொடாமல் நடுவில் இருக்கட்டும். எண் நிலைத்ததும் 0 டிகிரியிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ, அதை நிரலில் கழித்துக்கொள்ளலாம். டி.எம்.பி.117-ல் இதற்கென்றே ஒரு ஆஃப்செட் ரெஜிஸ்டர் இருக்கிறது. ஆனால் இந்தத் திருத்தம் உறுதியாகச் செல்லுவது 0 டிகிரியின் அருகில்தான். 60 டிகிரியில் அளக்கப் போகிறீர்கள் என்றால், அங்கேயும் ஒரு நல்ல வெப்பமானியோடு ஒப்பிட்டே ஆக வேண்டும்.